கார்முகில் பேரில் ஒரு ரத்தம்

கார்முகிலைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்ததோடு நாம் நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகு காலண்டரில் தாள்கள் கிழிந்தன. ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் இன்னும் பொழுது விடியவில்லை.

நாற்பத்தொரு வயது ஆள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நைட் ஷிப்டில், "கொஞ்சம் தண்ணி குடுடா" என்று கேட்டவன், தண்ணீர் வருவதற்குள் மெஷின் ஓரமாகச் சாய்ந்துவிட்டான். மாரடைப்பு.

இதில் யாராலும் விழுங்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. செத்தவனின் அக்கா டாக்டர் காந்திமதி, மாரடைப்பு வராமல் தடுப்பது எப்படி என்று இதே தொழிற்சாலைகளில் ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவள். ஊர் வாய் சும்மா இருக்குமா? காரியத்துக்கு வந்த சனம் பந்தலில் உட்கார்ந்து பேசியது அவள் காதிலேயே விழுந்தது.

"ஊருக்கெல்லாம் உப்பைக் கொறைங்கன்னு சொல்லிக்கினு திரிஞ்சாங்க. கூடப் பொறந்தவனை வுட்டுட்டாங்க பாரு."

அது காந்திமதியே தனக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

அவர்கள் அப்பாவும் இப்படித்தான் போனார். அதே நாற்பத்து சொச்சம் வயசு. அப்போது இங்கே கம்பெனி கிடையாது, ஏரிப்பாசனம்தான். அந்தச் சாவைப் பார்த்துவிட்டுத்தான் காந்திமதி இதய டாக்டரானாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கை நிறையச் சம்பளம். ஒரு நாள் அதை உதறிவிட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்து, அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்கிற வேலை போதும், அடைக்காமல் பார்த்துக்கொள்கிற வேலையைச் செய்கிறேன் என்றாள். கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஸ்டென்ட் வைத்தால் பங்களா கட்டலாம், உப்பைக் குறை என்று சொல்லி என்னத்தைக் கட்டுவாய் என்று கேட்டார்கள்.

அவள் கட்டினாள். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, கேன்டீன் சாம்பாரில் உப்பைக் குறைக்க வைத்தாள். ஊறுகாயை எடுத்துவிட்டதற்காகத் தொழிலாளிகள் சாப்பாட்டுத் தட்டைத் தட்டி கலாட்டா செய்தார்கள். டிபன் பாக்ஸில் ஒளித்து ஊறுகாய் கொண்டுவந்தவர்களும் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கொழுப்போ பிரஷரோ அதிகம் இருந்தால் மாத்திரை, மாதாமாதம் நர்ஸ் வந்து விசாரிப்பாள். எண்கள் நல்லபடியாக இறங்கிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

எண்கள் இறங்கின. வெளிநாட்டுக்காரர்களே அசந்து போகிற அளவுக்கு இறங்கின.

காரியத்தன்று காலையில் போன் வந்தது. கல்லூரி முதல்வர் டாக்டர் ரத்தினம்.

"இன்னிக்குப் போய்த் தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கம்மா. லண்டன் பத்திரிகைக்காரங்க உன் ஆராய்ச்சிக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பிட்டாங்க. நீ சாயங்காலத்துக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும். திங்கட்கிழமை ஹெல்த் செகரட்டரி மீட்டிங். ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து மறைமலை நகர் வரைக்கும் எல்லாக் கம்பெனியிலயும் உன் திட்டம்தான். உனக்குன்னு தனித் துறை. நீதான் தலைவி."

"சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டாள். தம்பி இருந்திருந்தால் இந்நேரம் தெருவெல்லாம் லட்டு கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

நாகப்பன் தண்ணீர்க் குடங்களைத் தூக்கிவந்து பந்தலில் இறக்கினார். அடுத்த வீட்டுக்காரர், கார்முகிலோடு அதே லைனில் வேலை. அவர் மனைவி சொர்ணம்மாள்தான் இத்தனை நாளும் ராத்திரியில் வேல்விழிக்குத் துணைக்குப் படுத்தவள். வேல்விழி கார்முகிலின் மனைவி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, பஸ்ஸில் பார்த்துப் பழகி, இந்த வீட்டுக்கு மருமகளானவள். கார்முகில் வேலை பார்த்த கம்பெனி இப்போது அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. எட்டாவது படிக்கிற மகள் அறிவுமதியை வைத்துக்கொண்டு அவள் நம்பியிருப்பது அதை மட்டும்தான்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் சுகப்பிரியா. மூன்று வருஷமாக ஆராய்ச்சியில் ரத்தம் எடுக்கிற நர்ஸ். தம்பி அந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்று காந்திமதி தன் ஆட்கள் யாரிடமும் சொன்னதே இல்லை. உறவு தெரிந்தால் அளக்கிற கை சாயும் என்பது அவள் கொள்கை. ரத்தம் எடுக்கிற நாளில் அவள் அந்தக் கம்பெனிப் பக்கமே போகமாட்டாள். ஆகவே மேடத்தின் தம்பி இறந்துவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டு வந்திருந்தாள் சுகப்பிரியா.

வந்தவள் உள்ளே நுழையாமல் வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் எதிரே நின்றுவிட்டாள். பிறகு வேகமாக வந்து காந்திமதியின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"மேடம், நம்ம கார்முகில் சாரா உங்க தம்பி? எனக்குத் தெரியவே தெரியாதே மேடம்!" அவள் கண் கலங்கியது. "ஆனா போட்டோவைத் தப்பா போட்டுக்கிறாங்க மேடம். முதல்ல எடுக்கச் சொல்லுங்க."

"எந்த போட்டோ?"

"வாசல்ல இருக்கே அதுதான். பேரு, கம்பெனி எல்லாம் கரெக்டா கீது. ஆளு வேற. வருஷா வருஷம் நான்தானே அவருக்கு ரத்தம் எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

காந்திமதிக்கு ஒன்றும் புரியவில்லை. "போட்டோ சரிதான் சுகப்பிரியா. அது என் தம்பிதான்."

சுகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பார்வை காந்திமதியைத் தாண்டிப் பந்திப் பக்கம் போய், அங்கேயே நின்றுவிட்டது. ஒல்லியாக ஒரு இளைஞன் ரசவாளியைப் பிடித்துக்கொண்டு இலை இலையாக ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அப்போ அவரு யாரு மேடம்?"

"அவன் இசக்கிபாண்டி. என் தம்பி லைன்ல கான்ட்ராக்ட் ஆளு."

"இல்ல மேடம்" என்றாள் சுகப்பிரியா. "எனக்கு அவருதான் கார்முகில்."

கோபம் வந்தால் காந்திமதி கத்துகிறவள் அல்ல. கொல்லைப்பக்கம் கோட்டை அடுப்பு அணைந்து புகைந்துகொண்டிருந்தது. அங்கே இசக்கிபாண்டியை நிறுத்திவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் தம்பி பேர்ல ரத்தம் குடுத்தது நீங்களா?"

அவன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான். மறைக்க அவனுக்குத் தெம்பு இல்லை. சார் போன நாளிலிருந்து இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போலத்தான் இருந்தது அவன் முகம்.

"நாந்தான் மேடம்."

"எதுக்கு?"

"மொத வருசம் சாரேதான் குடுத்தாங்க. கொழுப்பு ரொம்பக் கூடன்னு வந்துச்சு. மாத்திரை முழுங்குனாங்க. பொறவு ஷிப்ட் மாறி மாறி வந்துச்சுல்லா, விட்டுப் போச்சு. அடுத்தாப்புல இந்த நர்ஸக்கா புதுசா வந்தப்போ எங்க ரூம் பயலுவளைக் கூப்பிட்டாங்க." அவன் மூக்கை உறிஞ்சினான். "சார் பேசுன மாதிரியே சொல்லுதேன் மேடம். 'டேய், எங்க அக்கா ராப்பகலா ஒழைச்சுக்கினு கீது. கஸ்டமர் ஆடிட் வந்தா நம்ம இன்னாடா பண்ணுவோம்? ஓகே பீஸைத்தான முன்னால வைப்போம்? ரிஜெக்ட் பீஸைத் தூக்கியாந்து டேபிள்ல வைப்போமா? அதே கதைதான். நல்ல ரத்தமா முன்னால வைங்கடா' அப்படின்னாங்க."

ஆடிட். இந்த வட்டாரத்துக் கம்பெனிகளில் அந்த வார்த்தையைக் கேட்டால் சூப்பர்வைசர்களுக்குத் தூக்கம் போய்விடும். கஸ்டமர் வருகிற நாளில் தரையைத் துடைத்து, பழுதான சாமானை எல்லாம் பின்பக்கம் ஒளித்து, பளபளப்பானதை மட்டும் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். வந்தவர்கள் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆர்டர் நிற்கும், நாலு பேர் வேலை நிற்கும். கார்முகிலுக்குத் தெரிந்த உலகம் அது. அக்காவின் ஆராய்ச்சியையும் அவன் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

அவன் பேரில் மட்டும் தப்பு சொல்லவும் முடியாது. இரண்டு மூன்று தீபாவளிக்கு முன்னால் இதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காந்திமதிதான் புலம்பினாள். "இந்த வருஷம் நம்பர் இறங்கலைன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டச் சொல்லிடுவாங்கடா."

"எறங்கும்க்கா. நான் பாத்துக்கிறேன் வுடு" என்றான் அவன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்வதாக அவள் நினைத்தாள். சந்தோஷப்பட்டாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. தம்பி மேல் இருந்த கவலையில் ஒரே ஒரு முறை கொள்கையை மீறி அவனுடைய ரிசல்ட்டை எடுத்துப் பார்த்திருந்தாள். பிரமாதமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்து அவன் முதுகில் தட்டி, "உன் ரத்தம் இருபது வயசுப் பையன் ரத்தம் மாதிரி இருக்குடா" என்றாள். அவன் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தான். பெருமையில் சிரிக்கிறான் என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"உங்க லைன்ல மட்டும்தானா?" என்று கேட்டாள் இப்போது.

"இல்ல மேடம். ரிப்போர்ட்ல செவப்பு மார்க் வந்த பெரிய ஆளுங்க நெறைய பேரு இப்படித்தான். எங்க ரூம் பயலுவ போய்க் குடுப்பானுவ. மத்த கம்பெனி சூப்பர்வைசருங்களும் டீக்கடையில சார்கிட்ட ஐடியா கேட்டுட்டுப் போனாங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சு யாருன்னு ஒரு பேர் சொல்லுங்க."

"நாகப்பண்ணன். அவருக்கு எங்க ரூம் முப்பிடாதி குடுத்தான்."

ஆராய்ச்சிக்கு வருகிறவர்களின் அடையாள அட்டையில் போட்டோ வேண்டாம் என்று சுகப்பிரியாவிடம் சொன்னதே காந்திமதிதான். யாருக்கு என்ன வியாதி என்று நிர்வாகத்துக்குத் தெரிந்தால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று பயந்து, தொழிலாளிகளைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட விதி. அந்த விதி வழியாகத்தான் தம்பி போயிருக்கிறான்.

உள்ளறைக்குக் கணவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சுப்பராயன் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மச்சான் மேல் உயிர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கேட்ட காதோட போகட்டும் காந்தி."

"என்ன சொல்றீங்க?"

"நீ தெரிஞ்சு ஒரு தப்பும் பண்ணலையே. உன் திட்டம் நல்ல திட்டம்தான். நாலு பேருக்கு நல்லதுதானே நடக்கப்போகுது? இதைக் கிளறினா உன் பேரு போகும், பரவாயில்லைன்னு வெச்சுக்க. அவன் பேரு? பொய் பண்ணிட்டுச் செத்தான்னு பேசுவானுங்க. கம்பெனிக்காரன் வேல்விழிக்கு வேலை குடுப்பானா? செத்தவனுக்கு வாய் இல்லை, நாமதான் பார்க்கணும்."

"சாகாதவங்க இருக்காங்களே."

சுப்பராயன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அவங்களுக்கெல்லாம் மாத்திரையை நிறுத்தியாச்சுங்க. நல்லாயிட்டீங்கன்னு நான்தான் நிறுத்தினேன். ஒவ்வொருத்தனும் என் தம்பி மாதிரி லைன்ல நின்னுக்கிட்டு இருக்கான். நான் திங்கட்கிழமை மாலை வாங்கிட்டு உக்காரணுமா?"

சொல்லும்போதே அழுகை வெடித்தது. தம்பி செத்த அன்று கூட அவள் இப்படி அழவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களோடு பேச, ஊருக்குச் சொல்லிவிட என்று ஓடிக்கொண்டே இருந்துவிட்டாள். இன்றைக்குத்தான் அவன் அவளுக்குச் செத்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ரத்தினத்துக்குப் போன் போட்டாள்.

"சார், கட்டுரையை நிறுத்தச் சொல்லுங்க. ரத்தம் மாறியிருக்கு. ஆள் மாத்தி ஆள் வந்து குடுத்திருக்காங்க. அந்த எண்களை நம்ப முடியாது."

"காந்திமதி, உன் வாழ்க்கையே அதுலதான் இருக்கு. யார் பண்ணின வேலை இது?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "யாரும் இல்லை சார். அட்டையில போட்டோ வேண்டாம்னு விதி போட்டவ நான். தப்பு என்னோடது."

"எதுக்கு மதினி பொய் சொல்லுதிய?"

வேல்விழி நின்றிருந்தாள். பக்கத்து அறையில்தான் இருந்தாள். அந்த அறை ஜன்னல் கொல்லைப்பக்கம் பார்த்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. இசக்கிபாண்டி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்திருந்தது.

வந்து, காந்திமதி கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, நான் கார்முகில் சம்சாரம் பேசுதேன். செஞ்சது எங்க வீட்டுக்காரரு. மதினிக்கு ஒண்ணும் தெரியாது. அக்கா செயிக்கணும்னு செஞ்சுட்டாக. வேற கெட்ட எண்ணம் அவுகளுக்குக் கெடையாதுய்யா." குரல் உடைந்தது. விடாமல் பேசினாள். "எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

"வேலையைப் பத்தி யோசிச்சியாம்மா?" என்றார் சுப்பராயன்.

"யோசிச்சேன் அண்ணே. இத்தனை ராத்திரியும் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் படுத்தது சொர்ணக்கா. அவுக தாலியை வித்து நான் வேலை வாங்கணுமா?"

வேல்விழி போனைக் கொடுத்துவிட்டு நேரே கூடத்துக்குப் போனாள். சொர்ணம்மாள் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணன் எங்க?"

"செகண்ட் ஷிப்ட்டும்மா. மொத பந்தியிலயே சாப்ட்டு பஸ் ஏறிடுச்சு. இன்னாத்துக்கு?"

"ஒடம்புக்கு எதாவது சொன்னாகளா?"

"காலைலருந்து தோள்பட்டை வலின்னுச்சு. கொடம் தூக்கினதுல புடிச்சுக்கிச்சாம். தைலம் தேய்ச்சுவுட்டேன்." சொர்ணம்மாள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாம்மா ஆச்சு? ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கிறீங்க?"

காந்திமதி கார் சாவியைத் தேடினாள். போன் செய்து பிரயோஜனமில்லை. செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் விடுவார்கள். கம்பெனி நம்பருக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"நானும் வாரேன்" என்றாள் வேல்விழி.

"காரியம் அன்னிக்கு நீ வாசலைத் தாண்டக் கூடாதுடி" என்று கார்முகிலின் பெரியம்மா செல்லம்மாள் குறுக்கே வந்தாள். "குடும்பத்துக்கு ஆகாது."

"இனிமே என்ன பெரியம்மா ஆகணும்?" என்று கேட்டுவிட்டு வேல்விழி செருப்பைத் தேடாமலே இறங்கிப்போய்க் காரில் ஏறினாள். பின் சீட்டில் சொர்ணம்மாள், கையில் சாம்பார்க் கரண்டியோடு.

ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. காந்திமதி ஹாரனை அடித்தபடி ஓட்டினாள். கூட்டு ரோட்டைத் தாண்டியதும் வேல்விழி முன்பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"பொங்கலுக்கு நீங்க வந்திருந்தப்போ அவுக கரும்புக் கட்டைத் தூக்கிட்டு மாடி ஏறுனாக. ரெண்டு படிக்கு ஒருக்க நின்னு மூச்சு வாங்குனாக. நீங்க பாத்தியள்லா மதினி?"

"பார்த்தேன்."

"ஒண்ணுமே சொல்லலியே?"

காந்திமதிக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. "ரிசல்ட் நல்லா இருந்துச்சும்மா. அதை நம்பிட்டேன். எதிர்ல நின்ன தம்பியை நம்பலை."

வேல்விழி தலையாட்டினாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்குப் பக்குனு இருந்துச்சு மதினி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சேன். அப்புறம் ஒங்க மொகத்தைப் பாத்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டு நின்னிய. டாக்டரே சிரிக்காகளே, ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்."

கம்பெனி கேட் வந்துவிட்டது. செக்யூரிட்டி கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். வேல்விழிதான் கண்ணாடியை இறக்கி, நாகப்பனைப் பார்க்க வேண்டும், உடனே லைனிலிருந்து கூப்பிடுங்கள் என்றாள்.

செக்யூரிட்டி அவளைப் பார்த்தார். பின் சீட்டில் இருந்த சொர்ணம்மாளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாகப்பனுக்கு நீங்க இன்னா வேணும்மா?"